எந்த நம்பர் நிக்கும்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்ப வெளிய விடாதீங்க, எதுத்த ஊட்டு நாய் ஒத்தச் செருப்ப மட்டும் தூக்கிட்டுப் போயிரும். போன வாரம் போஸ்ட்மேன் ஒரு கால்ல செருப்போட நின்னுட்டிருந்தாரு. இப்படி ஃபேனுக்கு நேரா உக்காருங்க. வசந்தாமணி, ரெண்டு டீ. நீங்க கோகிலவாணி வீட்டுக்காரருன்னு வாசல்லயே தெரிஞ்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுக்கு வந்திருந்தீங்க, காலேஜ் பஸ் ஓட்டறதா சொன்னீங்க. எனக்கு ஞாபகம் நல்லா நிக்கும்.

எதுக்கு வந்திருக்கீங்கன்னும் தெரியும். நாளைக்கு ஆஸ்பத்திரி விசாரணைக் கமிட்டி கடைசியா உக்காருது. தப்பு கோகிலவாணி அம்மிணி மேலதான்னு அவங்க எழுதிட்டாங்கன்னா அந்தக் காயிதம் நேரா போலீஸ் ஸ்டேஷன் போவும். செத்துப்போனவர் ஊட்டுக்காரங்க குடுத்த புகார் அங்க ஏற்கனவே காத்துட்டு இருக்குது. அவ பேர்ல கேஸு, கோர்ட்டு, ஜெயிலுன்னு வரிசையா வந்துரும். நாளைக்கு என்னையும் கூப்ட்டிருக்காங்க. நல்லசிவம் சார் ஒரு வார்த்தை சொன்னா அம்மிணி தப்பிச்சுக்குவான்னு யாரோ சொல்லி உங்கள அனுப்பியிருக்காங்க. யாருன்னு நான் கேக்கல. என் வீடு சூரம்பட்டியில எந்தச் சந்துல இருக்குதுன்னு தெரிஞ்சவங்க யாரோதான்.

சொல்றேன், ஒரு வார்த்தை என்ன, ரெண்டு வார்த்தையே சொல்றேன். ஆனா என்ன நடந்துச்சுன்னு மொதல்ல முழுசாக் கேளுங்க. அரைகுறையாக் கேட்டுட்டுப் போயி கேன்டீன்ல உக்காந்து பேசறவங்களாலதான் எனக்கு இன்னிக்கு இந்த நிலம. ஆமா, என் நிலமையும்தான். உங்க சம்சாரத்துக்கு ஒரு கஷ்டம்னா எனக்கு ஒரு கஷ்டம். முப்பது வருஷம் நான் கட்டி வச்ச சிஸ்டத்தத் தூக்கிட்டு வெளியூர் கம்பெனிக்காரனோடத வைக்கப் போறாங்க. அதப் பத்தி யாராவது வாயத் தெறக்கறாங்களா பாருங்க.

அந்த ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர்னா நாந்தான் தம்பி. மொத மெஷினை ஆட்டோவுல மடியில வச்சுக் கொண்டாந்தவன் நான். நோயாளி பேரு பதியறது, டாக்டர் எழுதற மருந்து, ரத்தப் பரிசோதனை, பில்லு, எல்லாத்துக்கும் நானே எழுதினேன். வெளிய நர்சுங்க பாக்கறது கலர் கலரா பட்டன் வச்ச திரை. உள்ள, என் ரூம்ல, கருப்புத் திரைதான். அதுல ஒரு வார்த்தைய அடிச்சா ஒரு வேலை நடக்கும். அந்த வார்த்தையத்தான் கமாண்டும்பாங்க. எவ்வளவோ கமாண்டு எழுதி வச்சிருக்கேன்.

கமாண்டு எழுதுனது பெருசில்ல. ஒவ்வொண்ணுக்கும் பேஜ் எழுதி வச்சேன் பாருங்க, அதுதான் பெருசு. கருப்புத் திரையில ‘மேன்’னு அடிச்சு, கூடவே கமாண்டு பேரையும் அடிச்சீங்கன்னா, அது என்ன செய்யும், எப்படி அடிக்கோணும், எத மொதல்ல போடோணும், எத அப்புறம் போடோணும், எல்லாம் எழுத்தா வந்து நிக்கும். மேனுவல்ங்கறதத்தான் சுருக்கி மேன்னு வச்சிருக்காங்க. வெளிநாட்டுக்காரன் எழுதின கமாண்டுக்கெல்லாம் பேஜ் கூடவே வரும். நம்மூர்ல சொந்தமா எழுதறவன் எவன் பேஜ் எழுதறான்? நான் எழுதினேன். அவனுங்க வைக்கற அதே வரிசையில, மேல பேரு, நடுவுல விவரம், அடியில தேதி, எழுதினவன் பேரு. எந்த பேஜத் தெறந்தாலும் அடியில நல்லசிவம்னு இருக்கும்.

அதனால எங்கிட்ட வந்து எவன் என்ன கேட்டாலும் நான் மொதல்ல கேக்கறது, பேஜ் படிச்சியான்னுதான். படிச்சேன்னு வாயில சொன்னா விட மாட்டேன். மூணாவது வரி என்னன்னு கேப்பேன். முழிப்பானுங்க. போய் படிச்சுட்டு வான்னு அனுப்பிருவேன். ஒருத்தன் பேஜுக்குள்ள போனவனுக்கு வெளிய வரத் தெரியல. க்யூங்கற எழுத்த அடிச்சா வெளிய வந்துரலாம், அது அடியிலயே போட்டிருக்குது. அந்த ஆளு மெஷினோட பிளக்கப் புடுங்கிட்டான். கேட்டா, உங்ககிட்ட கேக்கப் பயமா இருந்துச்சுங்கறான். பயம் இருக்கோணும் தம்பி. எடுத்ததுக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டே இருந்தா எவனும் படிக்க மாட்டான். நம்ம தொண்டத் தண்ணிதான் வத்தும்.

உங்க சம்சாரம் படிச்சா. அத எங்க வேணாலும் சொல்லுவேன். எங்கிட்ட கம்ப்யூட்டர் ரூமுல வேலைக்குச் சேந்த மாசமே எல்லா பேஜையும் படிச்சு முடிச்சுட்டா. மூணாவது வரி கேட்டா நாலாவது வரியும் சேத்துச் சொல்லுவா. நான் எழுதினதப் பூராப் படிச்ச ஒரே ஆளு அந்த அம்மிணிதான். என் பொண்ணு பெங்களூர்ல இதே வேலைதான் பாக்கறா, அவகூட ஒரு பேஜ் படிச்சதில்ல.

ஒரு தடவை மட்டும் வந்து, சார், இந்த பேஜ்ல சொல்லியிருக்கறது ஒண்ணு, கமாண்டு செய்யறது ஒண்ணா இருக்குதுங்கன்னா. பில்லு சம்பந்தமா ஏதோ சின்ன கமாண்டு. நாலு பேர் முன்னாடி வந்து கேக்கறா. எனக்குச் சுருக்குனு வந்துருச்சு. பேஜ் சரி பாக்கறதுக்கா உனக்குச் சம்பளம், பேஜ்ல இருக்கற மாதிரி செய்யறதுக்கா சம்பளம்னு கேட்டேன். மூஞ்சி சுண்டிப்போச்சு. அப்புறம் அந்த மாதிரி வந்து கேட்டதே இல்ல. சொன்னாப் புரிஞ்சுக்கற பொண்ணு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒரே ஆளுக்கு ரெண்டு ஓ.பி. நம்பர் விழுந்துரும். பழைய நம்பர் ஒண்ணு இருக்கும், அவசரத்துல தூக்கிட்டு வர்றப்ப கவுன்டர்ல புதுசா ஒண்ணு போட்டுருவாங்க. அப்புறம் ரெண்டையும் ஒண்ணாக்கோணும். அதுக்கு ஒரு கமாண்டு இருக்குது, மெர்ஜுன்னு வச்சிருக்கேன். மெர்ஜுன்னு அடிச்சு ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல அடிக்கோணும். ஒரு நம்பர் நிக்கும், ஒரு நம்பர் போயிரும். போறதோட பழைய ரிப்போர்ட்டெல்லாம் நிக்கறதுல வந்து சேந்துரும். நிக்கற நம்பரோட முதல் திரையில என்ன இருக்குதோ அதுதான் இருக்கும், பேரு, வயசு, ரத்த குரூப்பு, என்ன மருந்து ஒத்துக்காதுங்கறது எல்லாம். போற நம்பரோட முதல் திரை அதோட போச்சு.

அதனால எந்த நம்பர் நிக்கோணும்ங்கறது முக்கியம். இத நீங்களே புரிஞ்சுக்கறீங்க பாருங்க. முன்னெல்லாம் அத அடிச்சதும், நிச்சயமாவான்னு ஒரு கேள்வி வந்து நிக்கும். நானே வச்சதுதான். அப்புறம் எடுத்துட்டேன். அத ஓட்டறவன் நான் ஒருத்தன். எங்கிட்டயே நிச்சயமாவான்னு கேட்டா எரிச்சலா வருமா வராதா?

அன்னிக்கு ஞாயித்துக்கிழம. என் மச்சான் பவானியில வீடு கட்டி புண்ணியார்ச்சன வச்சிருந்தான். ஒறம்பரையெல்லாம் வந்திருந்தாங்க. மத்தியானம் பந்தியில உக்காந்திருக்கேன், எலையில சோறு விழுந்தாச்சு, ரசம் ஊத்தற நேரம், போன் அடிக்குது. அம்மிணி. சார், கேஷுவாலிட்டியில ஒருத்தருக்கு ரெண்டு நம்பர் விழுந்திருச்சுங்க, டாக்டர் பழைய ரிப்போர்ட்டெல்லாம் உடனே வேணுங்கறாரு, மெர்ஜ் பண்ணட்டுங்களான்னா. பண்ணுன்னேன். இது வரைக்கும் நான் பண்ணினதில்லீங்க சார்ன்னா. பேஜ் இருக்குதல்ல, படின்னேன்.

படிச்சுட்டேனுங்க, முதல்ல அடிக்கற நம்பர் நிக்கும்னு போட்டிருக்குது, அப்ப பழைய நம்பரத்தானுங்க முதல்ல அடிக்கோணும்னு கேட்டா.

நான் என்ன சொன்னேன்? பேஜ்லயே போட்டிருக்கறப்ப அப்புறம் எதுக்கு எங்கிட்ட கேக்கறேன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அது ஆமான்னு சொன்னதா? நீங்களே சொல்லுங்க. ஆமாங்கற வார்த்தை என் வாயில வரவே இல்ல. எதுத்தாப்ல உக்காந்திருந்த என் சகலைகிட்ட கேட்டாலும் சொல்லுவாரு. போன வச்சுட்டு ரசம் சாப்ட்டேன்.

சாயங்காலம் பொழுதோட அவருக்கு ஒரு ஊசி போட்டிருக்காங்க. ரங்கம்பாளையத்துக்காரரு, தறி ஓட்டறவரு. பேரு சட்டுனு வாயில வரமாட்டேங்குது, நம்பர் வேணா ரெண்டையும் சொல்லுவேன். நர்ஸு ஊசி போடறதுக்கு முன்னாடி திரையப் பாத்திருக்கா. ஒத்துக்காத மருந்துங்கற இடத்துல ஒண்ணுமில்ல. போட்டுட்டா. பழைய நம்பர்ல சிவப்பு எழுத்துல போட்டிருந்துச்சு, இந்த மருந்து ஆகாது, உயிருக்கு ஆபத்துன்னு. அந்த நம்பர்தான் போயிருச்சே. நின்னது காலையில கவுன்டர்ல போட்ட புது நம்பர். அதுல பேரும் வயசும் மட்டுந்தான் இருந்துச்சு. ஒரு மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு. அவரு சம்சாரம் கதவுக்கு வெளியதான் உக்காந்திருந்திருக்கு, ரெண்டு பொட்டப் புள்ளைகளோட. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருக்கும். யாரும் கேக்கல. முன்னெல்லாம் ஆளக் கேப்பாங்க தம்பி, இப்ப திரையத்தான் பாப்பாங்க. அவ்வளவு நம்பிக்கை என் சிஸ்டத்து மேல.

டீ குடிங்க, ஆறுது. எனக்குக் கொண்டுவரல பாத்தீங்களா? ரெண்டு டீன்னுதான் சொன்னேன். ஒண்ணக் கொண்டாந்து உங்க முன்னாடி வச்சுட்டுப் போறா. இந்தப் பிரச்சனை ஆரம்பிச்சதுல இருந்து அவ இப்படித்தான். சோத்தப் போட்டு மூடி வச்சுட்டுப் போயிர்றா. சரி, அத விடுங்க.

நீங்க கேக்கறது புரியுது. பேஜ்ல இருக்கற மாதிரிதான அடிச்சா, அப்புறம் எப்படிப் பழைய நம்பர் போச்சுங்கறீங்க. நல்ல கேள்வி. அதுக்குத்தான் வர்றேன்.

அந்தக் கமாண்டு ஆரம்பத்துல முதல் நம்பர் நிக்கற மாதிரிதான் இருந்துச்சு. பேஜும் அப்படித்தான் எழுதினேன். ஆனா மத்த எல்லாக் கமாண்டும் எப்படின்னா, காப்பி பண்றதா இருக்கட்டும், நகத்தறதா இருக்கட்டும், எங்கிருந்துங்கறது முதல்ல வரும், எங்கங்கறது அப்புறம் வரும். இது ஒண்ணு மட்டும் தலைகீழா இருந்துச்சு. கண்ணுல விழுந்த துரும்பு மாதிரி எனக்கு அது உறுத்திட்டே இருந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் உக்காந்து மாத்திட்டேன். அதுக்கப்புறம் ரெண்டாவது நம்பர்தான் நிக்கும். சுத்தமா வேலை செஞ்சுது. இது வரைக்கும் ஒரு தப்பு வந்ததில்ல. ஓட்டறது நாந்தானே.

பேஜுங்களா? பேஜ்லயும் மாத்தோணும்னு நெனச்சேன். அன்னிக்கு கரண்டு போயிருச்சு. அப்புறம் பில்லு பிரிண்டர் மக்கர் பண்ணுச்சு, அதுக்கப்புறம் என் பொண்ணு கல்யாணம். மாத்தோணும்ங்கற நெனப்பு மட்டும் எப்பவும் இருந்துச்சு தம்பி. மறந்தேன்னு ஒருத்தனும் என்னச் சொல்ல முடியாது.

ஆனா பாருங்க, விஷயம் கேள்விப்பட்டதும் நான் சும்மா உக்காந்திருக்கல. திங்கக்கிழம காலையில எல்லாரும் கையப் பெசஞ்சுட்டு நிக்கறாங்க. எம்.டி. கத்தறாரு. வாசல்ல அவங்க சனம் நின்னு அழுவுது. நான் நேரா என் ரூமுக்குப் போனேன். மொதல்ல பழைய நம்பர பேக்கப்புல இருந்து எடுத்து ஒட்ட வச்சேன், அந்த பேக்கப்புல நோயாளிங்க விவரம் மட்டுந்தான் இருக்கும். பத்து நிமிஷங்கூட ஆகல, சிவப்பு எழுத்து அப்படியே வந்து நின்னுச்சு. அடுத்தது பேஜ். தெறந்தேன், அந்த வரியத் திருத்தினேன். ரெண்டாவது நம்பர் நிக்கும்னு எழுதினேன். எழுதிட்டு மூணு தடவ படிச்சுப் பாத்தேன். இனிமே ஒருத்தரும் அந்தத் தப்பப் பண்ணக் கூடாதல்ல. அத்தனை கலவரத்துலயும் பேஜத் திருத்தோணும்னு யாருக்குத் தோணும்? எனக்குத் தோணுச்சு. தொழில் மேல இருக்கற அக்கறை அது.

என்ன தம்பி, கிளாஸக் கீழ வச்சுட்டீங்க. சர்க்கரை கம்மியா?

அடியில இருக்கற தேதிங்களா? அத நான் மாத்தறதில்ல. பேஜு மொத மொத எழுதின தேதி அது. புள்ளைக்கு நாம சட்ட மாத்தறோம், பொறந்த தேதிய மாத்தறமா? எந்த பேஜுலயும் மாத்தினதில்ல. வேணும்னே விட்டேன்னு நெனச்சுக்காதீங்க. என் வழக்கம் அது.

அப்புறம் கமிட்டி உக்காந்துச்சு. மூணு டாக்டருங்க, கோயமுத்தூர்ல இருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர் நிபுணரு. அதுக்குள்ள பழைய மெஷின்ல இருந்து எல்லாத்தையும் புது மெஷினுக்கு மாத்தியாச்சு. எம்.டி. உத்தரவு அது, நான் கேட்டு வாங்கினதில்ல. பழைய மெஷின் டிஸ்கையும் அவர் சொல்லித்தான் அழிச்சோம். எந்த பேஜ எப்ப திருத்தினதுங்கற கணக்கும் அதோட போச்சு. அம்மிணிய உக்கார வச்சுக் கேட்டாங்க. என்னம்மா அடிச்சேன்னு. பழைய நம்பர முதல்ல அடிச்சேனுங்கன்னா. ஏன்னாங்க. பேஜ்ல அப்படித்தான் போட்டிருந்துச்சுங்க, முதல் நம்பர் நிக்கும்னு போட்டிருந்துச்சுங்கன்னா. குரல் நல்லாத் திடமாத்தான் இருந்துச்சு.

நிபுணரு லேப்டாப்ப அவ பக்கம் திருப்பி வச்சாரு. கருப்புத் திரை. நீயே மேன் அடிச்சு எடு, எடுத்துப் படிம்மான்னாரு.

அவளே அடிச்சா. பேஜு வந்துச்சு. படிக்க ஆரம்பிச்சா. மொத ரெண்டு வரி வேகமாப் படிச்சா, மனப்பாடம்தானே. மூணாவது வரியில நின்னுட்டா. படிம்மாங்கறாங்க. திரும்ப மேல இருந்து பாக்கறா. க்யூ அடிச்சு வெளிய வந்து மறுபடியும் மேன் அடிச்சுப் பாக்கறா. வேற பேஜ் ஏதாவது வந்துருச்சோன்னு நெனச்சிருப்பா, பாவம். அதே பேஜ். அடியில பழைய தேதி. நிபுணரு அந்தத் தேதியக் காட்டி, இது ரொம்ப வருஷமா இப்படித்தாம்மா இருக்குதுன்னாரு. படிக்காமயே அடிச்சுட்டு இப்ப படிச்சேங்கறயான்னாரு ஒரு டாக்டரு.

அவ என்னப் பாத்தா. சார், நீங்க சொல்லுங்க சார்ன்னா.

நான் ஏ.சி. ரிமோட்டக் கையில வச்சிருந்தேன். ரூம் ரொம்பக் குளிரா இருக்குதுன்னு கேட்டாங்க, அதக் கூட்டிட்டிருந்தேன். தலைவர் டாக்டரு கேட்டாரு, நல்லசிவம், இது நீங்க எழுதினதுதானேன்னு. ஆமாங்கன்னேன். வேற ஒண்ணும் யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தம்பி. எப்ப திருத்தினீங்கன்னு ஒருத்தர் கேட்டிருந்தாப் போதும். கேக்காதத நாமளாப் போய்ச் சொன்னா, என்னடா இவன் வலிய வந்து சொல்றான், இவன் மேல ஏதோ இருக்குதுன்னு நெனைப்பாங்க. மனுஷங்க புத்தி அப்படி.

வாசல்ல நிக்கறப்பவே சொன்னீங்களே, அவ சோறு தண்ணி இல்லாமக் கெடக்கறா, நாந்தான் தப்பாப் படிச்சிருப்பனோ, என் கண்ணுதான் மாத்திப் பாத்திருச்சோன்னு சொல்லிச் சொல்லி அழுவறான்னு. செத்தவர் சம்சாரம் கால்ல போய் விழோணும்னு சொல்றாளா? அடப் பாவமே. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அப்படியே நெனச்சுக்கட்டும். அது ஒரு வகையில நல்லதுதான். சரியாத்தான் படிச்சோம், அப்புறம் எப்படி இப்படி ஆச்சுன்னு நெனச்சுட்டே இருந்தா பைத்தியம் புடிச்சுரும். தப்பாப் படிச்சுட்டோம்னு ஒத்துக்கிட்டா மனசு அடங்கும். வயசு இருக்குது, வேற வேலை கெடைக்கும். போலீஸ் கேஸு கோர்ட்டுல அவ்வளவு லேசுல நிக்காது, வக்கீல் நல்லவரா வைங்க.

நாளைக்கு இத அங்க சொல்லச் சொல்றீங்க. திங்கக்கிழம காலையில நான் பேஜ மாத்தினேன்னு சொல்லச் சொல்றீங்க. சித்தெ பொறுமையா யோசிச்சுப் பாருங்க தம்பி. நான் அதச் சொன்னா அவங்க என்ன கேப்பாங்க? கமாண்ட மாத்தினப்பவே ஏன் பேஜ மாத்தலன்னு கேப்பாங்க. அதுக்கு நான் கரண்டு போன கதையும் பிரிண்டர் கதையும் சொல்லோணும். நிச்சயமாவாங்கறத எதுக்கு எடுத்தேன்னு கேப்பாங்க. பந்தியில என்ன பேசுனேன்னு கேப்பாங்க. ஒரு பேஜால ஒரு உசுரு போச்சுன்னு எழுதுவாங்க. அப்புறம் நான் எழுதின அத்தனை பேஜையும் சந்தேகப்படுவாங்க. அடியில என் பேரு இருக்குது தம்பி. முப்பது வருஷம். அதுல ஒண்ணு தப்புன்னா எல்லாமே தப்புன்னு ஆயிரும். ஒரு ஆளோட ஆயுசு பூரா தப்புன்னு ஆயிரும். அது நியாயமா?

அவளோட ஆயுசுங்கறீங்க. அவளுக்கு முன்னாடி நெறைய இருக்குது. எனக்குப் பின்னாடி இருக்கறது மட்டுந்தான். ரெண்டும் ஒண்ணாகாது.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. குரல ஒசத்தாதீங்க, அக்கம்பக்கத்துல கேக்கும். நீங்க போய் நாளைக்கு கமிட்டியில சொல்லுவீங்களா? தாராளமாச் சொல்லுங்க. நான் தடுக்கல. யார் நம்புவாங்க? பொண்டாட்டியக் காப்பாத்த வந்து பேசறாருன்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவாங்க. வசந்தாமணி, நீ எதுக்கு அங்க வந்து நிக்கற? உள்ள போ. உள்ள போன்னு சொன்னேன். பாருங்க, போக மாட்டேங்கறா. கதவப் புடிச்சுட்டு நிக்கறா. இவளும் என்ன அப்படித்தான் பாக்கறா, நீங்க பாக்கற மாதிரியே. நான் அப்படி என்ன பண்ணிட்டேன்? பேஜ்ல தப்பா இருந்துச்சு, திருத்தினேன். திருத்தாம விட்டிருந்தா நல்லவனா?

ஓ, நீதான் அட்ரஸ் குடுத்தயா.

சரி. சரி, இருக்கட்டும். ஊட்டுக்குள்ளயே இப்படின்னா வெளிய இருக்கறவங்களச் சொல்லி என்ன. இவளுக்கு மேன்னா என்ன, மெர்ஜுன்னா என்னன்னு ஒண்ணும் தெரியாது தம்பி. அந்தத் தறிக்காரர் ஊட்டுக்குப் போயி அந்தப் புள்ளைகளப் பாத்துட்டு வந்திருக்கா. எங்கிட்டச் சொல்லாம. அதுல இருந்துதான் இந்தக் கோலம். பெரிய புள்ள பத்தாவது படிக்குதாம். எனக்கும் மனசு இருக்குது. அவங்களுக்கு ஆஸ்பத்திரி ஏதாவது செய்யும், செய்யாமலா போயிரும்.

நீங்க கெளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. நல்லசிவம் ஏமாத்திட்டான்னு நாளைக்கு நீங்க சொல்லக் கூடாது. தலைவர் டாக்டரு எங்கிட்ட கேக்கப் போறது ஒரே கேள்விதான். பேஜ்ல இருக்கறது சரியா, அதும்படி செஞ்சிருந்தா அந்த உசுரு போயிருக்காதான்னு கேப்பாரு. சரிங்க, போயிருக்காதுங்கன்னு சொல்லுவேன். அது நெசந்தானே. இப்ப பேஜ்ல இருக்கற மாதிரி அடிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. ஒண்ணக் கூட்டிச் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல தம்பி.

அப்புறம் கோகிலவாணி ரொம்ப நல்ல பொண்ணுங்க, இவ்வளவு அக்கறையாப் படிக்கற பொண்ண நான் பாத்ததில்லீங்கன்னு நானாவே ஒரு வார்த்தை சேத்துச் சொல்றேன். அதக் கேக்கத்தானே வந்தீங்க?